சிட்டு பரிசு வாங்கிய நாள்

புகைப்படத்தை எப்போதும் ஓரத்தைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நடுவில் விரல் வைத்தால் ரேகை விழுந்துவிடும், பிறகு எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு மெல்லிய தாளை வைத்து ஒட்டியிருக்கிறேன். அதைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஆமாம், அப்படித்தான்.

அட்டையும் என் கைவேலைதான். பழைய நீலத் திரைச்சீலையை வெட்டி, உள்ளே கெட்டி அட்டை வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைத்தேன். கடையில் வாங்குகிற ஆல்பம் சில மாதங்களிலேயே வாயைப் பிளந்துவிடும். இது பிளக்காது. அக்கா கொடுத்த புகாரில் இந்த ஆல்பத்தைப் பற்றி என்னென்னவோ இருக்கும். தையல் சரியில்லை என்று மட்டும் இருக்காது.

முதியோர் நலத் துறையிலிருந்து வருகிறேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள். அப்பாவை நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேனா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நியாயம்தான். உள்ளே போய்ப் பார்த்தீர்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்ததா? முதுகில் புண் ஏதாவது? நகத்தில் அழுக்கு? இல்லை அல்லவா? அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை நானே சொல்கிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிற பிரிவில் இருந்தவள். தைக்கிறவர்கள் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுகிறவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெட்டினால் வெட்டியதுதான். அதனால் யோசிக்காமல் கத்தரிக்கோலை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்பாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது கை விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன். அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டாள். தொழிற்சாலையிலிருந்து துணிகளை வீட்டுக்கே அனுப்புகிறார்கள், நான் வெட்டிக் கொடுக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த மேசைதான் என் தொழிற்சாலை.

அப்பாவுக்குக் கையோடு ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. காலையில் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பேன், என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சிட்டு வந்துட்டாளா?" என்பார். சிட்டு என்றால் அக்கா. அவர் வைத்த செல்லப் பெயர். எனக்குச் சின்னவள் என்பதுதான் பெயர். அதைச் செல்லப் பெயர் என்று சொல்ல முடியாது, வரிசை எண் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"இல்லப்பா, நான்தான்" என்பேன்.

"சரி, சரி" என்பார். கேட்ட மருந்து கடையில் இல்லையென்றால் வேறு கம்பெனி மருந்தை வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு சரி.

அக்கா இருப்பது விமானத்தில் போக வேண்டிய ஊரில். வாரம் தவறாமல் ஃபோன் செய்வாள், மாதம் தவறாமல் ஏதாவது அனுப்புவாள். முதுகைப் பிடித்துவிடுகிற நாற்காலி ஒன்று வந்தது, அதில் பக்கத்து வீட்டுப் பூனை படுத்துக்கொள்கிறது. தலையின் வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தலையணை ஒன்று வந்தது. இந்த வீட்டில் ஞாபகசக்தி இருந்தது அதற்கு மட்டும்தான்.

ஆல்பம் யோசனை என்னுடையது அல்ல. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். அவள்தான் சொன்னாள். "குடும்பப் படங்கள ஒட்டி, கீழ பெரிய எழுத்துல யாரு, என்னன்னு எழுதுங்க. தினமும் கூட உக்காந்து படிங்க. ஒரே மாதிரி சொல்லணும், அதான் முக்கியம். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா குழம்பிடுவாரு."

ஒரே மாதிரி. அதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னபோது துள்ளிக் குதித்தாள். "அப்பாவோட எழுபத்தஞ்சாவது பொறந்தநாளுக்கு அதையே பரிசா குடுத்துடலாம்டி. உனக்குத்தான் கைவேலை வரும், எனக்கு ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியாது. என்கிட்ட இருக்கற படத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்."

"ஸ்கேன் வேணாங்கா. ஒரிஜினலையே அனுப்பு. பழைய படம்னாத்தான் அப்பாவுக்குத் தொட்டுப் பாக்கத் தோணும்."

ஆமாம், அப்போதே அப்படிக் கேட்டேன். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது தெரிகிறது. ஆனால் அப்போது நான் எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை. நெகட்டிவெல்லாம் பழைய வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தபோது போய்விட்டது என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அத்தையும் சித்தப்பாவும் அவரவர் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்தப்பா இல்லாத படமே கிடையாது. யார் கல்யாணமானாலும் மணமக்களுக்கு நடுவே அவர் தலை ஒன்று முளைத்திருக்கும், அதுவும் அப்போதுதான் சீவிய தலை. அத்தைக்கு நேர் எதிர் கஷ்டம். எல்லாப் படத்திலும் இருப்பாள், எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருப்பாள். "பாத்து நல்லதா போடுடி" என்று பல தடவை சொல்லிவிட்டுப் போனாள். கண் திறந்த அத்தையைத் தேடி அலுத்துப்போய், கடைசியில் எங்கோ கிடைத்த ஒரே ஒரு படத்தை நகல் எடுத்து, அந்தக் கண்களையே சின்னதாக வெட்டி மற்ற படங்களில் ஒட்டினேன். ஒட்டியதே தெரியவில்லை. நான் செய்த முதல் வெட்டு அதுதான். ஒரு கிழவியைச் சந்தோஷப்படுத்தச் செய்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் படங்களை மேசையில் பரப்பி வரிசைப்படுத்தினேன். நான் எத்தனை படத்தில் இருக்கிறேன் என்று எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு இல்லை. ஏரிக்கரையில் எடுத்த படம் ஒன்று. நடுவில் அக்கா, கையில் பலூன். ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை நான். இன்னொன்றில் அக்கா சைக்கிள் ஓட்டுகிறாள், பின்னால் கதவிடுக்கில் மங்கலாக ஒரு உருவம் நிற்கிறது. அது நானா, காய்கிற துணியா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாதான் கேமரா பிடிப்பார். அப்பா நல்லவர். வேண்டுமென்று யாரையும் ஒதுக்கமாட்டார். வேண்டுமென்று ஒதுக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒதுக்குவதற்காகவாவது நான் அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறார் என்று ஆகும்.

முதலில் அக்காவைக் கொஞ்சம் குறைக்க மட்டும்தான் நினைத்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை, அதனால் அப்பா தோளில் இருந்த அவள் கையை எடுத்தேன். கை போனதும் உடம்பு நிற்பது அசிங்கமாக இருந்தது, அதையும் எடுத்தேன். பிறகு அந்தப் படம் வந்தது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டு அக்கா மேடையை விட்டு இறங்குகிறாள், கையில் கோப்பை. அவள் முகத்தைப் பார்க்க எடுத்த படமென்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் அந்தக் கோப்பையைப் பார்த்தேன். அதில் வளைந்து நெளிந்து அப்பாவின் உருவம் தெரிகிறது, கேமராவோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்ததே இல்லை.

என் பள்ளி அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்து அக்காவின் தலைமேல் வைத்துப் பார்த்தேன். அளவு பொருந்தியது. வெட்டுகிறவளுக்கு அளவு பொருந்தினால் அதற்கப்புறம் கை நிற்காது. கழுத்துக்கோட்டில் கத்தரித்து, ஓரத்தை நகத்தால் தேய்த்து ஒட்டினேன். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: சிட்டு பரிசு வாங்கிய நாள்.

ஏன் சிட்டு என்று எழுதினாய் என்று கேட்கப்போகிறீர்கள். அப்பா தினமும் தேடுவது சிட்டுவை. பக்கத்திலேயே இருக்கிற ஒருத்தியை வைத்துக்கொண்டு, இல்லாத ஒருத்திக்காக அந்த மனிதர் ஏங்க வேண்டுமா? தேடுகிற பெயரை இருக்கிற ஆளுக்கு வைத்தேன். அவருடைய வேலையை எளிதாக்கினேன், வேறொன்றுமில்லை.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. ஏரிக்கரையில் பலூன் என் கைக்கு வந்தது. சைக்கிள் எனக்கு வந்தது. அப்பா மடியில் உட்கார்ந்து அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற குழந்தை, அதுவும் நான்தான். என் முகங்கள் போதவில்லை, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதும் சிறிதுமாக நகலெடுத்துக்கொண்டேன். கூர்ந்து பார்த்தால் சிட்டு எல்லா வயதிலும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். அப்பா கூர்ந்து பார்க்கிற நிலைமையில் இல்லை.

வெட்டிய முகங்களை என்ன செய்தாய் என்று அக்கா ஃபோனில் அழுதுகொண்டே கேட்டாள். கழிவுத் துணி மூட்டையில் போட்டேன். அதை மெத்தைக்குள் அடைக்க வாங்கிக்கொண்டு போவார்கள். இந்நேரம் யாராவது அவள்மேல் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பரிசைப் பிறந்தநாளன்று கொடுக்கலாம் என்பது அக்காவின் ஆசை. பாடத்தை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தினமும் மத்தியானம் அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஆல்பத்தை மடியில் விரிப்பேன். ஆரம்பத்தில் ரொம்பப் படுத்தினார்.

பரிசுப் படத்தில் விரலை வைத்து, "இது சிட்டு இல்ல. மூக்கு வேற" என்றார்.

"சிட்டுதாம்பா. கீழ எழுதியிருக்கு பாருங்க. நான்தான் சிட்டு."

"நீ சின்னவ."

அவருக்கு மத்தியானத் தேநீர் என்றால் உயிர். நான் கோப்பையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவர் கைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சரியாகச் சொன்னதும் சூடு பண்ணிக் கொடுத்தேன். சில நாள் சாயங்காலம்வரை சூடு பண்ணும்படி ஆகவில்லை. ஒரு நாள் அழுதார். அழுகிறவரைச் சமாதானப்படுத்தினால் பாடம் கெட்டுவிடும் என்று நான் பேசாமல் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

இதற்கிடையில் அக்கா ஃபோன் செய்தால் அப்பா தூங்குவார். வீடியோவில் கூப்பிட்டால் எங்கள் வீட்டு நெட் சரியிருக்காது. பேச்சுப் பயிற்சிப் பெண் மட்டும் வாய் ஓயாமல் பாராட்டினாள். "என்ன ஒரு முன்னேற்றம்! படத்தப் பாத்ததும் டக்குனு சொல்றாரே. உங்கள மாதிரி ஒரு பொண்ணு எல்லாருக்கும் அமையாது."

பிறகு ஒரு காலை, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிட்டு, வந்துட்டியா?" என்றார். கேள்வியைக் கவனித்தீர்களா? வந்துவிட்டாளா அல்ல, வந்துவிட்டாயா. பரிசுக் கோப்பையில் பார்த்த அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை.

பிறந்தநாளன்று வீடு நிறைய ஆட்கள். அக்கா விமான நிலையத்திலிருந்து நேராகப் பெட்டியோடு வந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் ஆல்பம் கை மாறிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. சித்தப்பா பக்கம் பக்கமாகப் புரட்டித் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, "அந்தக் காலத்துல என்ன முடிடா எனக்கு!" என்று பூரித்துப்போனார். அத்தை கண்ணில் நீர் மல்க, "நான் கண்ணத் தொறந்திருக்கேன் பாரேன், எல்லாத்துலயும் தொறந்திருக்கேன்!" என்றாள். பரிசுக் கோப்பையோடு யார் நிற்கிறார்கள் என்று ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆல்பத்தில் தேடுவது அவரவரைத்தான். அக்காவும் அதைத்தான் செய்தாள். அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஆனால் அவள் ஆல்பத்தைப் பார்த்தது பிறகுதான். முதலில் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, "அப்பா" என்றாள்.

அப்பா மரியாதையாகக் காலை நகர்த்திக்கொண்டார். "வாங்கம்மா. ஏன் கீழ உக்காந்துட்டீங்க? மேல உக்காருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சிட்டு, வந்தவங்களுக்கு ஒரு டீ குடும்மா."

அக்கா முதலில் சிரித்தாள், அவர் விளையாடுகிறார் என்று நினைத்து. அப்புறம் தன் ஃபோனைத் திறந்து, தானும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டினாள். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகத் திருப்பிக் கொடுத்தார். "யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருக்காங்கம்மா. என் பொண்ண எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகுதான் அவள் ஆல்பத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என்னைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி பண்ணியிருக்க?"

"பரிசு செஞ்சேன். நீதானே செய்யச் சொன்ன?"

"படம் போனா போய்த் தொலையட்டும். அவருக்குள்ள இருந்த என்னையே வெட்டி எடுத்துட்டியேடி."

அக்கா படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வேறு ஒரு குரலில், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "உனக்குத் தெரியுமா? ஃபோன்ல அவரு உன்னப் பத்தியேதான் பேசிட்டிருப்பாரு. சின்னவ இத செஞ்சா, சின்னவ அத தச்சா, சின்னவ இல்லேன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்னு. எனக்கே பொறாமையா இருக்கும்."

அக்கா எப்போதுமே இப்படித்தான். பேச்சுப் போட்டியில் சும்மாவா பரிசு கொடுத்தார்கள்? எந்த இடத்தில் எதைச் சொன்னால் கேட்கிறவர் நெஞ்சு அடைக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் நம்பவில்லை. இவ்வளவு நாள் கூடவே இருக்கிற என்னிடம் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லியிருப்பாரா?

ஒரு வாரம் இருந்து பார்த்தாள். தினமும் அவர் முன்னால் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் சொன்னாள். அவர் வந்த விருந்தாளியின் பேச்சைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டார். ஏரிக்கரைக் கதையைச் சொன்னபோது மட்டும், "அட, எங்க சிட்டுவுக்கும் அதே மாதிரிதாம்மா பலூன் பறந்துபோச்சு" என்று ஆச்சரியப்பட்டார். மறுநாள் அவள் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் புகார், அதற்கப்புறம் நீங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, அக்காவுக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று சொன்னேன் அல்லவா?

அக்கா போன சில நாளில் அப்பா ஆல்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சின்னவள ஒரு படத்துலயும் காணோமே, சிட்டு?"

"எந்தச் சின்னவ?"

"உன் தங்கச்சிதான். ரொம்பப் பேச மாட்டா. நான் கேமராவ எடுத்தாலே ஓடிப்போய் ஒளிஞ்சுக்குவா, எவ்ளோ கூப்ட்டாலும் வர மாட்டா. கை அவ்ளோ சுத்தம் அவளுக்கு, என் சட்டையெல்லாம் அவ தச்சதுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்ச நாளா அவ வர்றதே இல்ல. நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

கேமராவைக் கண்டால் நான் ஓடி ஒளிந்தேனாம். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. உடம்பு முடியாதவர்கள் இப்படித்தான் இல்லாததையெல்லாம் கோத்துக்கொள்வார்கள் என்று பேச்சுப் பயிற்சிப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்வது? சின்னவள் இருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டால், அவள் எங்கே என்று வரும். நான்தான் அவள் என்றால், சிட்டு எங்கே என்று வரும். ஒரு இழை உருவினால் முழுத் துணியும் கையோடு வந்துவிடும்.

"அப்படி யாரும் கெடையாதுப்பா" என்றேன். "உங்களுக்கு நான் ஒருத்திதான்."

மறுபடி பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை ரொம்பப் பிடிவாதம் பிடித்தார். அக்காவை விட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டதைப்போல் இரண்டு மடங்கு நாள் சின்னவளுக்கு எடுத்துக்கொண்டார். சட்டையின் தையலைத் தடவிக் காட்டி, "அப்போ இத யாரு தச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சட்டைகளை எல்லாம் எடுத்துக் கழிவு மூட்டையில் போட்டேன். இப்போது கடையில் வாங்கியதுதான் போட்டிருக்கிறார், நீங்களே பார்த்தீர்கள்.

அதற்கப்புறம் நிறுத்திவிட்டார். ஆமாம், அவளையும் நான்தான் எடுத்தேன். ஆனால் அதற்காக யாரும் உங்களிடம் புகார் கொடுக்கப்போவதில்லை. கொடுப்பதற்கு ஆள் இல்லை.

வேண்டுமென்றால் இப்போதே உள்ளே போய் அவரிடமே கேளுங்கள், உங்களுக்கு எத்தனை பெண் என்று. தடுமாறாமல் ஒன்று என்பார், சிட்டு என்பார். அந்தக் குரலில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று கவனியுங்கள். அவர் என்னை இந்த அளவுக்கு நேசிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.